குணமாகாதவர்களின் வீடுகள்

அம்சவள்ளிக்கு ஜெபம் பண்ண வராது. பெரம்பலூரில் துறையூர் ரோட்டு உரக்கடை மாடியில் கூடுகிற அந்தச் சின்னச் சபையில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பாஸ்டர் மனைவி என்றால் பெண்கள் கூட்டத்தை நடத்த வேண்டும், பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும், கண்ணை மூடினால் கால் மணி நேரமாவது நிற்காமல் ஜெபிக்க வேண்டும். அம்சவள்ளியை எழுப்பிவிட்டால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, "ஆண்டவரே, எல்லாரையும் பாத்துக்குங்க. ஆமென்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பின்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பாட்டு அதைவிட மோசம். கீபோர்டு வாசிக்கும் சரத்குமார், அவள் குரல் கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வைப்பான்.

அவள் கணவர் பாஸ்டர் கலைச்செல்வனுக்கு இதில் வருத்தம் இருந்தது. அவர் விக்கிரமங்கலத்துக்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் லோடுமேனாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் உடன் வேலை பார்த்தவன் வலிப்பு வந்து லாரிக்கு அடியில் விழுந்து துடித்தபோது, என்ன செய்வது என்று தெரியாமல் அவன் தலையில் கையை வைத்து ஜெபித்தார். அவன் கண் விழித்தான். அதற்கப்புறம் அவனுக்கு வலிப்பே வரவில்லை. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பேர். காய்ச்சல், தலைவலி, பேய்க்கோளாறு, இடுப்பு வலி என்று ஆட்கள் தேடி வந்தார்கள். ஆறு பேரோடு தொடங்கிய சபை உரக்கடை மாடி கொள்ளாத அளவுக்கு ஆனது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வேப்பந்தட்டை, மங்கலமேடு, அரியலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். அவர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைப்பார். மாத்திரையை நிறுத்து என்று ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. சிலருக்குக் குணமானது, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குணமானவர்கள் ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார்கள். குணமாகாதவர்கள் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்த இடத்தில் வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிடுவதால் அவர் கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை.

அம்சவள்ளிக்குத் தட்டுப்பட்டது.

திங்கட்கிழமை சபையில் ஒரு வேலையும் இருக்காது. அன்று காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவாள். எந்த பஸ் முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறிக்கொள்வாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"எங்க போற வாராவாரம்?" என்று ஒருதடவை கேட்டார்.

"சிந்தாமணிய பாத்துட்டு வரேங்க."

"அவங்கதான் சபைக்கே வர்றதில்லயே."

"அதான் போறேன்."

பெண்கள் ஊர்ப்பேச்சு பேசப் போகிறார்கள் என்று அவர் விட்டுவிட்டார்.

அவளுக்கு அது புதிய வேலை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் எட்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள். வெங்காயக் காட்டு வேலைக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அம்சவள்ளி அந்தக் கட்டிலின் ஓரத்தில்தான் வளர்ந்தாள். கல்யாணமான பிறகு பிள்ளை இல்லை. கலைச்செல்வன் கை வைத்து ஜெபித்த எத்தனையோ பெண்களுக்குப் பிள்ளை பிறந்தது. வீட்டில் அந்தப் பேச்சு நின்றே போனது. முதல் சில வருஷம் அவரும் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார், பிறகு விட்டுவிட்டார். விட்ட அன்று அவளுக்கு எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சபை ஒரே சரீரம், அதில் கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை, பலவீனமாகத் தெரிகிற உறுப்புதான் அதிகம் வேண்டியது என்று நன்றாகவே பேசினார். முடிவில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த வரத்தை எழுதுங்கள் என்றார். பாட்டு, போதனை, ஜெபம், தாராளம் என்று எழுதி வந்தது. அம்சவள்ளியின் சீட்டு வெறுமையாக இருந்தது.

"என்ன எழுதறது? எனக்குத்தான் ஒண்ணும் வரலயேங்க" என்றாள் வீட்டில்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சபைக்கு முன்னால் அசிங்கமாகிவிடக் கூடாதே என்று, தானே பேனாவை எடுத்து 'ஆலயச் சுத்தம்' என்று எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, "ஆமா, கூட்டறேன்ல" என்று சிரித்தாள்.

அதற்கடுத்த கார்த்திகையில் அவளுக்குக் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பல வருஷமாக யாரும் பார்க்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு இரண்டு கிட்னியையும் சுருக்கிவிட்டது என்று அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது.

கலைச்செல்வன் கலங்கவில்லை. இது தனக்கு வந்த சோதனை, இதில் ஜெயிக்கப்போகிற சாட்சி நூறு சாட்சிக்குச் சமம் என்று சபையில் சொன்னார். இருபத்தொரு நாள் உபவாசம் அறிவித்தார். சபை மூப்பர் தமிழழகன் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டார். கலைச்செல்வன் ஆஸ்பத்திரியில், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, அவள் தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தார். நர்ஸ் வந்து, "சார், மத்த பேசன்ட்டெல்லாம் இருக்காங்க, கொஞ்சம் மெதுவா" என்றாள். சத்தத்தைக் குறைத்தால் அவருக்கு வார்த்தை வரவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் நடந்தார். மெஷின் ஓடிய நாலு மணி நேரமும் நடந்தார். குழாய்களில் அவள் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவரால் முடியவில்லை.

இருபத்தொரு நாள் முடிந்தது. ஒன்றும் மாறவில்லை. இன்னொரு இருபத்தொரு நாள். அவர் உடம்பு பாதியானது. சபையிலும் ஆள் குறைந்தது. ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணுகிறவர், அவர் வீட்டிலேயே இப்படி என்று பேசிக்கொண்டது காதுக்கு வந்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம். டயாலிசிஸ் முடிந்து வந்து அவள் மின்விசிறிக்கு அடியில் கட்டிலில் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்சா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. ஒம்மனசுல எங்கயாவது சந்தேகம் இருக்கா? விசுவாசத்துல ஏதாவது கொற…"

அவள் அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்குப் பிற்பாடு தோன்றியது.

"இருக்கலாங்க" என்றாள். "சிந்தாமணியும் இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா. எங்கிட்ட என்னக்கா கொற, எத நான் நம்பாம வுட்டேன்னு. மூணு வருசமாச்சு. அப்புடியெல்லாம் இல்லடின்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். நா சொன்னா போவமாட்டேங்குது அது."

"கொறன்னு அவகிட்ட யாரு சொன்னா?"

"நீங்கதாங்க" என்றாள்.

அவருக்கு நினைவு வந்தது. சிந்தாமணியும் அவள் புருஷன் தர்மனும் ரஞ்சன்குடி பக்கத்தில் கூலிக்கும் குத்தகைக்கும் விவசாயம் பார்ப்பவர்கள். மகள் தர்ஷினிக்கு எட்டு வயசில் ரத்தப் புற்றுநோய். திருச்சியில் வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போதே நாலு வெள்ளிக்கிழமை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். முடி கொட்டிப்போன தலையில் கை வைத்தபோது அந்த நாலாம் வெள்ளி அவருக்குள் ஏதோ பொங்கியது. எல்லார் முன்னாலும், "அம்மா, நீ மட்டும் சந்தேகப்படாம விசுவாசி, ஒம்மக எழுந்திருப்பா" என்று சிந்தாமணியைப் பார்த்து உரக்கச் சொன்னார். கூட்டம் அல்லேலூயா என்றது. புதன்கிழமை பிள்ளை இறந்துபோனது. அடக்க ஆராதனையை அவர்தான் நடத்தினார். அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை. சொன்ன வார்த்தையை அவர் அன்றே மறந்துவிட்டார். அது அந்த வீட்டில் தங்கிவிட்டது.

"நா ஒரு வார்த்தை சொல்லணும் அவகிட்ட" என்றார்.

"சொல்லுங்க. ஒங்க வாயால சொன்னாத்தான் தீரும்."

"சொல்றேன்."

அவர் போகவில்லை. இன்று உடம்பு முடியவில்லை, நாளைக்கு ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகக் காரணம் கிடைத்தது.

சிந்தாமணிதான் வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் நடந்து முடித்து உள்ளே போனபோது, அம்சவள்ளியின் கால்மாட்டில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மக்காச்சோளத்துக்குப் படைப்புழு விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சிந்தாமணி எழுந்து நின்றாள்.

"ஐயா, நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க. நான் இருக்கேன்."

அன்றும் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. டீ குடிக்கப் போனார். திரும்பும்போது அம்சவள்ளி தூங்கிவிட்டிருந்தாள். சிந்தாமணி தானாகவே மெல்லிய குரலில் பேசினாள்.

"பாப்பா போன மறுவாரம் அக்கா வந்தாங்க ஐயா. நான் மொகம் குடுத்துப் பேசல. அது பாட்டுக்கு ஒக்காந்து வெங்காயத்துக்குத் தாள் அறுத்துட்டுப் போச்சு. அடுத்த வாரமும் வந்துச்சு. ஒருநாகூட ஜெபம் பண்ணட்டுமான்னு கேக்கல. சபைக்கி வான்னும் சொல்லல. பாப்பா பேர மட்டும் சொல்லும். 'தர்ஷினிக்கி இந்த வருசம் எத்தினியாவது வகுப்பு இருக்கும்'னு கேக்கும். எங்க வூட்டுலயே அந்தப் பேர யாரும் எடுக்கறதில்ல ஐயா. அவங்கப்பாகூட எடுக்கமாட்டாரு. திங்கக்கெழமதான் அந்தப் பேரு எங்காதுல வுழும்."



அவளுக்குப் பிறகு வேறு ஆட்களும் வந்தார்கள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன பெரியசாமியின் மனைவி வந்தாள். பார்வை போன ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அவள் மாமியார் கூட்டி வந்தாள். எல்லாரையும் அவருக்கு அரைகுறையாக அடையாளம் தெரிந்தது. ஒவ்வொருவர் வீட்டு ஆள் தலையிலும் அவர் கை இருந்திருக்கிறது.

ஒருநாள் வீட்டில் அவளிடம் கேட்டார். "அங்கெல்லாம் போயி என்னதான் பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேங்க. ஒக்காந்திருப்பேன்."

"அதான், எப்புடி ஒக்காருவ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு வாங்கியது. "இது என்ன கேள்வி? மொதல்ல எந்திரிச்சிப் போயிடணும்னு இருக்கும். ஏதாச்சும் சொல்லிட்டா தேவலைன்னு இருக்கும். அது ஒரு பத்து நிமிசம். அப்பறம் அது போயிடும். அதுக்கப்பறந்தான் அவங்க பேசுவாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் போய்விடும் என்று அவள் சொன்னது அவருக்குப் போகவில்லை. ஒரு மணி நேரமும் போகவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டைத் துடைத்தார். அவள் கண்ணைத் திறக்காமலேயே, "இன்னொருக்கா" என்றாள்.

பங்குனி, சித்திரை முழுக்க அப்படிப் போனது. அந்த வருஷம் வெயில் கடுமை. சாலையெல்லாம் கானலாக இருந்தது. அவளுக்குத் தாகம்தான் பெரிய வேதனை. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தவள், ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அது கரையும் நேரத்தை நீட்டிக்கப் பார்த்தாள். "சிந்தாமணிகிட்ட சொன்னீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "சொல்லிடறேன்" என்று இரண்டு தடவையும் சொன்னார்.

வைகாசி முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். அவர் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிடித்தார். பிடித்த கை தானாகத் தலைக்குப் போனது. வாய் ஜெபத்தைத் தொடங்கியது. பாதியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்திவிட்டு, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்துக் கத்தும் வரை அவர் அசையவில்லை.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துத் தமிழழகனே திகைத்துப்போனார். சபைக்காரர்கள் பாதிப் பேர்தான். மீதி யார் யாரோ. பெரியசாமியை ஷேர் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். கோணலான வாயால் அவர் அழுததில் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. வந்த பெண்கள் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள். "ஒங்க வூட்டுக்குமா வருவாங்க?" என்று கேட்டுக் கேட்டு அழுதார்கள். சரத்குமார் பாட்டுப் பாடினான். நன்றாகப் பாடினான், அழுகையிலும் சுருதி விலகவில்லை. தமிழழகன் ஜெபித்தார். பாஸ்டரைப் பேசச் சொன்னபோது அவர் கையை அசைத்து வேண்டாம் என்றார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை கலைச்செல்வன் மங்கலமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டுக் கேட்டு சிந்தாமணி வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவசரமாக உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"சிந்தாமணி, அன்னைக்கி எல்லாரு முன்னாடியும் நான் ஒன்னப் பாத்துச் சொன்னது தப்பும்மா. ஆண்டவரு சொல்லச் சொல்லல. நானா சொன்னது. பாப்பா செத்ததுக்கும் ஒன் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்ல. ஓங்கிட்ட ஒரு கொறயும் இல்ல."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள்.

"அக்கா சொன்னப்பல்லாம் நான் நம்பல ஐயா. நம்ம மேல பாசத்துல சொல்லுதுன்னு நெனச்சேன். ஆண்டவர்கிட்ட பேசறவரு நீங்க. ஒங்க வாயிலருந்து வரலியேன்னுதான்…" அதற்கு மேல் முடியவில்லை. "அக்கா இருக்கறப்ப வந்திருக்கக் கூடாதா ஐயா? வாராவாரம் இதச் சொல்லிச் சொல்லியே அதுக்கு வாய் ஓஞ்சு போச்சு."



தர்மன் காட்டிலிருந்து வந்தார். வாசலில் நிற்பவர் யார் என்று பார்த்தார். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ரேடியோவைப் போட்டார். சிந்தாமணி தர்மசங்கடமாகப் பார்த்தாள். "இருக்கட்டும்மா" என்றார் கலைச்செல்வன்.

ஆடி மாதத்திலிருந்து சிந்தாமணி சபைக்கு வருகிறாள். கடைசி வரிசையில் உட்கார்கிறாள். தர்மன் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபம் நடக்கிறது. கலைச்செல்வன் இன்னும் தலையில் கை வைக்கிறார், இன்னும் சிலருக்குக் குணமாகிறது. நீ விசுவாசித்தால் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வருவதில்லை. அந்தப் பழைய ஆவேசம் அவர் குரலில் இல்லை என்று சிலர் வேறு சபைக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமைகளில் அவர் போகிறார். அவருக்கு அது சரியாக வரவில்லை. அவர் நுழைந்ததும் டிவியை நிறுத்துகிறார்கள், நாற்காலி போடுகிறார்கள், கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கி வருகிறார்கள். நோயாளி படுக்கையில் எழுந்து உட்காரப் பார்க்கிறார். அம்சவள்ளிக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. அவள் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்து முறத்தை வாங்கிக்கொள்வாள். சிந்தாமணியையும் சில வாரம் கூட்டிப் போனார். அவளுக்கு ஓரளவு வருகிறது. ஆனால் மற்றவர் வீட்டில் படுத்திருக்கும் பிள்ளையைக் கண்டால் அவளுக்குத் தாங்கவில்லை, பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுகிறாள்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் பலர் எந்த ஊர் என்று அன்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சபைப் பதிவேட்டில் அவர்கள் பேர் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்து போனவர்கள். அம்சவள்ளி எதையும் எழுதி வைக்கிறவள் இல்லை. எந்த பஸ்ஸில் ஏறி, எந்த நிறுத்தத்தில் இறங்கி, எந்தத் தெருவுக்குள் நுழைந்தாள் என்று கலைச்செல்வன் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் சில நேரம் நின்று, வேப்பந்தட்டை போர்டு போட்ட பஸ்ஸையும் அரியலூர் போர்டு போட்ட பஸ்ஸையும் பார்க்கிறார். கண்டக்டர் விசில் அடிக்கிறார். எதிலாவது ஏறிக்கொள்கிறார்.